கொடிக்கு முன்னால் இருக்கும் தூரம்

சாலை வேலை நடக்கும் இடத்தில் கொடியோ பலகையோ பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சிவப்பைக் காட்டினால் நிற்க வேண்டும், கையசைத்தால் போக வேண்டும். இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எதிரே வருவது பதினைந்து டன் லாரி. அவர் கையில் இருப்பது ஒன்றரை முழத் துணி. லாரியை நிறுத்தும் சக்தி அந்தத் துணிக்குக் கிடையாது. ஓட்டுநர் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், காலை பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும், அப்புறம் சக்கரம் நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். ஓடுகிற வண்டிக்கு நேரம் என்றால் தூரம். சாலைப்பணிப் பாதுகாப்பில் பலகை, கூம்பு, காலி இடம், ஒளிரும் சட்டை, வாக்கி-டாக்கி என்று எதை எடுத்தாலும், அந்தத் தூரத்தை முன்கூட்டியே சம்பாதித்து வைக்கும் ஏற்பாடுதான்.

எவ்வளவு தூரம் என்று முதலில் பார்த்துவிடலாம். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்குள் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 வினாடி என்று சாலை வடிவமைப்பில் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள்ளேயே 42 மீட்டர் போய்விடும். பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பித்திருக்காது. பிடித்த பிறகு நிதானமாக நிற்க இன்னொரு 41 மீட்டர். ஆக மொத்தம் ஏறக்குறைய 85 மீட்டர். இதே கணக்கில் 80 கி.மீ. வேகத்துக்கு 130 மீட்டரும், 100 கி.மீ. வேகத்துக்கு 185 மீட்டரும் வேண்டும். ஈரச் சாலை, இறக்கம், தேய்ந்த டயர், நிறைய பாரம் என்று சேரச் சேர இன்னும் நீளும். கனரக வாகனங்களில் காற்று பிரேக் பிடிப்பதற்கே ஒரு சிறு தாமதம் உண்டு.

கொடி பிடிப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான முதல் விதி இதிலிருந்தே வந்துவிடுகிறது. வரும் வண்டிக்கு அவர் குறைந்தபட்சம் அந்தத் தூரத்துக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். வளைவுக்குப் பின்னாலோ மேட்டின் மறுபக்கமோ நின்றால் எவ்வளவு பெரிய கொடி பிடித்தும் பயனில்லை. குழி தோண்டியிருக்கும் இடம் வளைவில்தான் இருக்கிறது என்றால் அவர் வளைவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். குழிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் வசதி, பேச்சுத் துணைக்கும் ஆள் இருக்கும், ஆபத்தும் அங்கேதான்.

வேலையிடத்தின் பகுதிகள்

ஒழுங்காகத் திட்டமிட்ட பணியிடம் நான்கு பகுதிகளாக இருக்கும். அமெரிக்காவில் 1935 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேட்டின் (சுருக்கமாக எம்.யு.டி.சி.டி.) ஆறாம் பாகம் முழுக்க இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி இருக்கிறது; 2001-இல் வந்து, 2014-இல் திருத்தப்பட்டது. சொற்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: முன்னெச்சரிக்கைப் பகுதி, ஒதுங்கும் பகுதி, வேலைப் பகுதி, முடியும் பகுதி.

முன்னெச்சரிக்கைப் பகுதியில் பலகைகள் மட்டும்தான். முதலில் ‘சாலைப்பணி நடக்கிறது’ என்று ஒன்று, அடுத்து ‘ஒரு பக்கம் மட்டுமே வழி’ என்று ஒன்று, பிறகு கொடி பிடிப்பவரின் உருவம் போட்ட பலகை. ஒன்றைப் படித்து மனதில் வாங்கிய பிறகே அடுத்தது வர வேண்டும் என்பதால் இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள். அமெரிக்கக் கையேட்டின்படி ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் பலகைக்குப் பலகை 500 அடி, அதாவது சுமார் 150 மீட்டர். மூன்று பலகை என்றால் ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கு முன்பே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. வேகம் குறைந்த நகரத் தெருவில் இடைவெளி 30 மீட்டர் அளவுக்குச் சுருங்கும். விரைவுச் சாலையில் பல மடங்கு கூடும். நிறமும் முக்கியம். தற்காலிகப் பலகைக்கு அமெரிக்காவில் ஆரஞ்சுப் பின்னணி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் மஞ்சள். நிரந்தரப் பலகைகளிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தால்தான் ‘இங்கே இன்று ஏதோ மாறியிருக்கிறது’ என்பது ஓட்டுநருக்கு உறைக்கும்.

அடுத்தது ஒதுங்கும் பகுதி. ஒரு தடம் மூடப்பட்டிருந்தால் அந்தத் தடத்தில் வரும் வண்டி பக்கத்துத் தடத்துக்கு மாற வேண்டும். அதற்காகக் கூம்புகளைச் சாய்வான கோட்டில் வரிசையாக வைப்பார்கள். அந்தச் சாய்வின் நீளத்தை யாரும் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக முடிவு செய்யக் கூடாது. அதற்குச் சூத்திரமே உண்டு. வேகம் 60 கி.மீ. வரை இருந்தால் வேகத்தின் வர்க்கத்தைத் தடத்தின் அகலத்தால் (மீட்டரில்) பெருக்கி 155-ஆல் வகுக்க வேண்டும். 70 கி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் வேகத்தை அகலத்தால் பெருக்கி 1.6-ஆல் வகுத்தால் போதும். தடம் 3.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகச் சாலையில் 36 மீட்டர் சாய்வு போதும். 80 கி.மீ. சாலையில் 175 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டிப்பானது, சாய்வு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிட்டது. பல இடங்களில் நான்கு கூம்பை முப்பது மீட்டருக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களே, அந்த நான்கு கூம்பும் மறுநாள் நசுங்கிக் கிடப்பதற்குக் காரணத்தை வேறு எங்கும் தேட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை, கொடி பிடிப்பவர் நிற்கும் இடத்தில் விதி தலைகீழ். இரு திசை வண்டிகளும் ஒரே தடத்தை மாறி மாறிப் பயன்படுத்தும் இடத்தில் சாய்வை வேண்டுமென்றே குட்டையாக வைக்கிறார்கள்; 15 முதல் 30 மீட்டர்தான். நீளமான சாய்வு வைத்தால் ‘சும்மா ஒதுங்கிப் போய்விடலாம்’ என்று ஓட்டுநர் வேகம் குறைக்காமல் எதிர்த் தடத்துக்குள் நுழைந்துவிடுவார். குட்டையான சாய்வைப் பார்த்தால் வழி அடைபட்டிருப்பதுபோலத் தெரியும். கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

கூம்பைப் பற்றி ஒரு வரி. இன்று நாம் பார்க்கும் கூம்பு சாலையில் கோடு போடுகிறவர்களின் தேவையிலிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கோடு போடும் பிரிவில் வேலை பார்த்த சார்லஸ் ஸ்கான்லன் 1943-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பயன்பட்ட மர முக்காலிகளில் மோதினால் மரமும் உடையும், வண்டிக்கும் அடிபடும். ரப்பர் கூம்பு வளைந்து கொடுக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஒருவரே தூக்கிப் போகலாம். ஆனால் அது வண்டியைத் தடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது. வழி காட்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் அதிகம் புரிந்துகொள்ளப்படாதது, வேலைப் பகுதியின் தொடக்கத்தில், சாய்வுக்கும் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே விடும் காலி இடம். பார்ப்பவருக்கு வீணாகக் கிடப்பதுபோலத்தான் தெரியும். தூங்கி வழிந்த ஓட்டுநர் கூம்புகளை இடித்துக்கொண்டு உள்ளே வந்தால், ஆள்மேல் ஏறுமுன் நிற்பதற்கு அவருக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அந்த வெற்றுத் தரைதான். அதனால் அங்கே ஆள் நிற்கக் கூடாது, ஜல்லி கொட்டக் கூடாது, ஜெனரேட்டர் வைக்கக் கூடாது, மேஸ்திரியின் பைக்கையும் நிறுத்தக் கூடாது. நடைமுறையில் இவை நான்குமே அங்கேதான் போய்ச் சேர்கின்றன. காலியான இடத்தைக் கண்டால் எதையாவது வைக்கத் தோன்றுவது மனித சுபாவம். பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒரு பணியிடத்துக்குப் போனால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். அது காலியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

கடைசியில் முடியும் பகுதி. வண்டிகள் பழைய தடத்துக்குத் திரும்பும் இடம். சிறு சாய்வும் ‘சாலைப்பணி முடிந்தது’ என்ற பலகையும் போதும்.

நிற்கும் முறை

சரி, கொடி பிடிப்பவருக்கு வருவோம். அவர் நிற்க வேண்டியது சாலையின் ஓரத்தில், தான் நிறுத்தப்போகும் வண்டிகள் வரும் பக்கம். ஓடும் தடத்துக்குள் காலே வைக்கக் கூடாது. முதல் வண்டி முழுதாக நின்ற பிறகு, பின்னால் வருகிறவர்களுக்கும் தெரிவதற்காக நடுக்கோட்டுப் பக்கம் சற்று நகர்ந்து நிற்கலாம். முன்னால் ஒரு பெரிய லாரி நின்றுவிட்டால் அதன் பின்னால் இருக்கும் கார் ஓட்டுநருக்குக் கொடி தெரியாது என்பதால்தான் இந்த நகர்வு. நின்றுகொண்டிருக்கும் முதல் வண்டியின் ஓட்டுநரோடு கண் பார்த்துக்கொள்வது நல்லது. அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, பொறுமை இழந்து மெல்ல உருட்டப் பார்க்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும்.

தனியாக நிற்க வேண்டும் என்பது இன்னொரு கண்டிப்பான விதி. நாலு பேர் கூடி நின்றால் அவர்களில் யார் சைகை காட்டுகிறவர் என்று தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பேச்சுச் சுவாரசியத்தில் அவர் கவனமும் போய்விடும். வண்டிகளுக்கு முதுகு காட்டக் கூடாது, உட்காரக் கூடாது, நிறுத்தியிருக்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே புகக் கூடாது. மரநிழல் இதமாக இருக்கும். ஆனால் பளீர் வெயிலிலிருந்து வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு நிழலில் நிற்பவர் கரைந்துபோவார். ஆரஞ்சு வண்ண ரோலருக்கு முன்னால் ஆரஞ்சுச் சட்டையோடு நின்றாலும் அதே கதைதான். மாலையில் சூரியன் அவருக்குப் பின்னால் தாழ்ந்து இறங்கினால், வரும் ஓட்டுநருக்குக் கண் கூசும். அப்போது இடத்தை மாற்றியாக வேண்டும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தவறாகிவிடலாம்.

அப்புறம் தப்பிக்கும் வழி. ஒரு வண்டி நிற்காமல் நேரே வந்தால் எந்தப் பக்கம் பாய்வது என்பதைக் காலையில் வந்து நின்றவுடனே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். முதுகுக்குப் பின்னால் தடுப்புச் சுவரோ ஆழமான பள்ளமோ இருந்தால் அது நிற்கும் இடமே கிடையாது. பாய்வதற்கு முன்போ பாய்ந்துகொண்டோ பின்னால் வேலை செய்பவர்களை எச்சரிக்க ஒரு விசிலோ காற்று ஹாரனோ கையில் இருக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் ‘ஓடுங்க’ என்று கத்துவது யாருக்கும் கேட்காது. அவரை வேலையாட்களிடமிருந்து தள்ளி நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். விசில் கேட்ட பிறகு நகர அவர்களுக்கும் சில வினாடிகள் வேண்டும்.

கொடியா, பலகையா

துணிக்கொடியைவிடக் கம்பில் பொருத்திய பலகை மேல் என்பதே பல நாட்டு விதிகளின் நிலை. அமெரிக்கக் கையேடு கொடியை அவசர நேரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. பலகை எண்கோண வடிவில், குறைந்தது 45 செ.மீ. அகலத்தில், 15 செ.மீ. உயர எழுத்துகளோடு இருக்க வேண்டும். ஒரு பக்கம் சிவப்பில் ‘ஸ்டாப்’, மறுபக்கம் ஆரஞ்சில் ‘ஸ்லோ’. பலகையில் எழுதியிருப்பதற்கு ஒரே அர்த்தம்தான். கொடியை அசைத்தால் அது ‘வா’ என்றா ‘மெதுவாக’ என்றா ‘நில்’ என்றா என்பது பார்ப்பவரின் கற்பனையைப் பொறுத்தது. பலகையை நீளமான கம்பில் பொருத்தினால் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் கையைத் தூக்கியே வைத்திருக்க யாராலும் முடியாது.

பிரிட்டனில் மறுபக்கம் பச்சையில் ‘கோ’ என்று இருக்கும். எனக்கென்னவோ ‘ஸ்லோ’ தான் சரியாகப் படுகிறது. ‘போ’ என்றால் வழி தெளிவாக இருக்கிறது என்று ஓட்டுநர் எடுத்துக்கொள்வார். முன்னால் இருப்பதோ சுரண்டிய தார், குறுகிய தடம், குனிந்து வேலை செய்யும் ஆட்கள்.

சைகைகள் மூன்றுதான். நிறுத்துவதற்கு: வண்டியைப் பார்த்து நின்று, பலகையின் சிவப்புப் பக்கம் வண்டிக்குத் தெரியும்படி கையை உடலிலிருந்து பக்கவாட்டில் நீட்டி, ஆடாமல் பிடிக்க வேண்டும். மறுகையைத் தோளுக்கு மேலே உயர்த்தி உள்ளங்கையை வண்டிக்குக் காட்ட வேண்டும். அனுப்புவதற்கு: பலகையை ‘ஸ்லோ’ பக்கம் திருப்பி, மறுகையால் போகும் திசையைக் காட்ட வேண்டும். வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு: அதே ‘ஸ்லோ’ பக்கம், உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க மறுகையை மேலும் கீழுமாக மெல்ல அசைப்பது. திருப்புவதற்கு முன் ஒருமுறை பின்னால் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். பலகையைத் திருப்பும்போது ஒரு கணம் அது மறுபக்கத்து வண்டிகளுக்கும் தெரியும்.

கொடிதான் கையில் இருக்கிறது என்றால், 60 செ.மீ. சதுரத்தில் சிவப்புத் துணி, 90 செ.மீ. கம்பு. காற்றில் சுருண்டுகொள்ளாமல் தொங்குவதற்காகத் துணியின் ஓரத்தில் சிறிது எடை தைத்திருக்க வேண்டும். நிறுத்த, கம்பைத் தடத்துக்குக் குறுக்கே கிடையாக நீட்டித் துணி முழுவதும் தெரியும்படி தொங்கவிட வேண்டும். அனுப்பும்போது கொடியைக் கண்ணில் படாமல் கீழே இறக்கிவிட்டு, வெறும் கையால் வழிகாட்ட வேண்டும். சிவப்புக் கொடியையே வீசி ‘வா, வா’ என்று அழைப்பதைத்தான் விதி குறிப்பாகத் தடை செய்கிறது. அடிக்கடி கண்ணில் படுவதும் அதுதான்.

இரண்டு முனை, ஒரு தடம்

வேலையிடம் குட்டையாக, இரு பக்கமும் நன்றாகத் தெரிகிறபடி, வண்டிகள் குறைவாக இருந்தால் ஒருவரே சமாளிக்கலாம். மற்ற இடங்களில் முனைக்கு ஒருவர் வேண்டும். இருவரில் ஒருவர்தான் தலைமை. அவர் சொன்ன பிறகே மற்றவர் பலகையைத் திருப்புவார். ஒருவரையொருவர் பார்க்க முடியாதபோது வாக்கி-டாக்கிதான் கண். அந்தப் பேச்சு இப்படி இருக்கும்:

“அண்ணே, என் பக்கம் நிறுத்திட்டேன். கடைசி வண்டி வெள்ளை டேங்கர், பின்னாடி சிவப்புப் பட்டை.”

“வெள்ளை டேங்கர், சிவப்புப் பட்டை. சரி.” கொஞ்சம் கழித்து: “டேங்கர் என்னைத் தாண்டிருச்சு. நடுவுல யாரும் இல்ல. இப்ப நான் விடுறேன்.”

“விடுங்க.”

வண்டியின் அடையாளத்தைச் சொல்வதும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வதும்தான் இதில் உயிர்நாடி. ‘கடைசி வண்டி போயிடுச்சு’ என்று மட்டும் சொன்னால் எது கடைசி என்று மறுமுனைக்குத் தெரியாது. நடுவே ஒரு கிளைத்தெருவிலிருந்து யாராவது நுழைந்திருந்தால் எண்ணிக்கையும் உதவாது. சைக்கிளில் வருபவரைக் கடைசியாக அனுப்ப வேண்டும். 300 மீட்டரைக் கடக்க அவருக்கு ஒன்றரை நிமிடம் ஆகலாம். அவரையே கடைசி அடையாளமாகச் சொல்லிவிட்டால், அவர் வெளியே வரும்வரை எதிர்முனை திறக்காது. ஆம்புலன்ஸ் வந்தாலும் எதிர்முனை நிறுத்திவிட்டேன் என்று உறுதி சொன்ன பிறகே உள்ளே விட வேண்டும். அந்தச் சில வினாடி தயக்கத்தைப் பார்த்துத் திட்டுபவர்கள் உண்டு. ஒற்றைத் தடத்தில் எதிரே லாரி வந்தால் ஆம்புலன்ஸ் எங்கே ஒதுங்கும்?

‘எதிரே ஒரு வண்டியும் வரவில்லை, ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?’ என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் எரிச்சல் வரும். கணக்கைப் பார்த்தால் புரியும். ஒற்றைத் தடம் 300 மீட்டர், அதில் வண்டிகள் 20 கி.மீ. வேகத்தில் ஊர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக நுழைந்த வண்டி வெளியேற 54 வினாடி ஆகும். அந்த நேரம் முழுக்க இரண்டு முனையும் மூடித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் திறந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு 168 வினாடி. அதில் யாருமே நுழைய முடியாத நேரம் 108 வினாடி. நீளத்தை 600 மீட்டர் ஆக்கினால் சுற்று 276 வினாடியாகிவிடும்; நுழையும் நேரம் அதே ஒரு நிமிடம்தான். காத்திருப்பின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது மூடிய பகுதியின் நீளம். ஒப்பந்தக்காரர் நாளைக்கு வேண்டிய தூரத்தையும் இன்றே சேர்த்து மூடிவைத்தால், அதற்கான வசை கொடி பிடிப்பவரின் தலையில் விழுகிறது.

கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு இன்னொரு பழைய வழியும் உண்டு. ஒரு முனையில் கடைசி வண்டியின் ஓட்டுநரிடம் ஒரு கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். அதை மறுமுனையில் வாங்கிக்கொண்ட பிறகே அங்கே திறப்பார்கள். ஒற்றை ரயில் பாதையில் டோக்கன் கொடுத்தனுப்பும் அதே ஏற்பாடு. வழி சிக்கலாக இருந்தால் ஒரு வழிகாட்டி வண்டி முன்னால் போக, மற்றவை பின்தொடரும். இப்போது பல இடங்களில் தற்காலிக சிக்னல் விளக்குகளும், தொலைவிலிருந்து இயக்கும் தடுப்புக்கட்டைக் கருவிகளும் வந்துவிட்டன. இவற்றின் பெரிய லாபம் எளிமையானது: ஆள் சாலையோரத்திலிருந்து விலகி நிற்கலாம்.

சட்டை

பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு தந்திரம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பளிச்சென்ற மஞ்சள்பச்சைத் துணி சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகிறது. அதனால்தான் மங்கலான விடியலிலும் அது தனியாக எரிவதுபோலத் தெரிகிறது. இரவில் வண்டியின் முகப்பு விளக்கில் அந்த வித்தை பலிக்காது. அப்போது வேலை செய்வது வெள்ளிப் பட்டை. அதில் உள்ள மிகச் சிறிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டகங்கள், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. ஓட்டுநரின் கண் முகப்பு விளக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவருக்கு அது பளீரென்று தெரியும். பக்கவாட்டில் நிற்கும் நமக்கு அதே பட்டை சாம்பல் துணிதான்.

ஐ.எஸ்.ஓ. 20471 என்ற பன்னாட்டுத் தரம் இந்த உடைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. உச்சமான மூன்றாம் வகுப்பில் குறைந்தது 0.80 சதுர மீட்டர் ஒளிரும் துணியும் 0.20 சதுர மீட்டர் பட்டையும் இருக்க வேண்டும். ஒரு கையில்லாத மேல்சட்டையில் மட்டும் இவ்வளவு பரப்பு கிடைப்பது கடினம். அதனால் முழுக்கைச் சட்டையோ பேன்ட்டோ சேர்ந்தாக வேண்டும். கை மூட்டிலும் கணுக்காலிலும் பட்டை இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நடக்கும்போது அசையும் பட்டைகளைப் பார்த்தவுடனே ‘இது மனிதர்’ என்று மூளை கண்டுபிடித்துவிடுகிறது. மார்பில் மட்டும் பட்டை இருந்தால் இருட்டில் அது கூம்பாகவோ கம்பமாகவோ தோன்றக்கூடும். தாரும் சிமெண்ட் தூசியும் படிந்த சட்டை ஒளிராது, துவைக்கத் துவைக்க நிறமும் மங்கும். பழைய சட்டையைக் கழிப்பதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

இரவு வேலையில் சட்டை மட்டும் போதாது. கொடி பிடிப்பவர் நிற்கும் இடத்துக்கே தனி வெளிச்சம் வேண்டும். அந்த விளக்கு வரும் ஓட்டுநரின் கண்ணில் அடிக்கக் கூடாது. உயரமான விளக்குக் கம்பத்தைத் தவறான கோணத்தில் திருப்பி வைத்தால், அதன் கூச்சத்தில் கீழே நிற்பவர் மறைந்தே போய்விடுவார். விளக்கு போட்ட பிறகு வண்டியில் ஏறி இரண்டு திசையிலிருந்தும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

ஆபத்து எங்கிருந்தெல்லாம் வருகிறது

வெளியிலிருந்து புகும் வண்டியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தால் பாதி ஆபத்து விட்டுப்போகும். வேலையிடத்துக்குள்ளேயே ஓடும் டிப்பர், ரோலர், தார்க்கலவை பரப்பும் பேவர் இயந்திரங்களும் தொழிலாளர்களைக் கொல்கின்றன, குறிப்பாகப் பின்னோக்கி வரும்போது. டிப்பர் ஓட்டுநருக்கு வண்டியின் பின்புறம் முழுக்கக் குருட்டு இடம். ரிவர்ஸ் எச்சரிக்கை ஒலி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பதால் காது அதைக் கேட்பதையே நிறுத்திவிடும். அதனால் பின்னால் எடுக்கும்போது ஒருவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று வழிகாட்ட வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை உறுதியாகக் கடைப்பிடிப்பது எந்த விலையுயர்ந்த கருவிக்கும் குறைந்ததில்லை.

இன்னொன்று, பணியிட விபத்துகளில் சாகிறவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள் என்று நினைப்போம். அமெரிக்கக் கணக்குகள் வேறு மாதிரி சொல்கின்றன: இறப்பவர்களில் பெரும்பான்மையினர் வண்டி ஓட்டி வந்தவர்களும் அதில் பயணம் செய்தவர்களும்தான். பணியிடத்துக்கே உரிய விபத்து, நின்றிருக்கும் வரிசையின் வாலில் வந்து இடிப்பது. காலையில் வரிசை ஐம்பது மீட்டர் இருந்திருக்கும். மாலை நெரிசலில் அது நீண்டு நீண்டு முதல் எச்சரிக்கைப் பலகையையே தாண்டிப் போயிருக்கும். அப்போது வேகமாக வருபவர் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே நின்றிருக்கும் லாரியின் பின்புறத்தைத்தான் பார்ப்பார். ஆகவே வரிசை நீண்டால் பலகையும் பின்னோக்கி நகர வேண்டும், அல்லது வாலருகே எச்சரிக்க இன்னொருவர் வேண்டும். இதைக் கவனிப்பது யார் பொறுப்பு என்று காலையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யாவிட்டால், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நீங்கள் அந்த வரிசையில் கடைசி வண்டியாக நின்றால், அபாய விளக்கைப் போட்டுவிட்டு, பின்னால் ஒருவர் வந்து நிற்கும்வரை கண்ணாடியில் ஒரு கண் வைத்திருங்கள். முன்னால் இருப்பவரோடு ஒட்டி நிற்காமல் ஒரு வண்டி நீளம் விட்டு நின்றால் நகர இடமிருக்கும். இருசக்கர வாகனக்காரர்கள் வரிசையைக் கடந்து முன்னுக்குப் போய்ப் பலகைக்காரரைச் சூழ்ந்து நிற்பது இன்னொரு தலைவலி. அவருக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டால், பின்னால் இருப்பவர்களுக்கு அவர் தெரிவதில்லை, அவருக்கும் பாய இடமில்லை.

எடுத்து வைப்பது

பலகைகளை வைக்கும்போது வண்டிகள் வரும் திசையில், மிகத் தொலைவில் இருக்கும் முதல் எச்சரிக்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்தடுத்த பொருளை வைக்கும் ஆளை முந்தைய பலகை பாதுகாக்கும். எடுக்கும்போது வரிசை அப்படியே தலைகீழ்: வேலைப் பகுதியிலிருந்து கூம்புகளை எடுத்துக்கொண்டே வந்து, முதல் பலகையைக் கடைசியில் எடுக்க வேண்டும். வேலை முடிந்த களைப்பில், வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று முதல் பலகையை முதலில் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு எச்சரிக்கையே இல்லாத சாலையில் கூம்பு பொறுக்குபவர்கள் உண்டு.

உணவு இடைவேளைக்குக் கொடி பிடிப்பவர் போய்விட்டால், அவர் உருவம் போட்ட பலகையையும் மூடவோ திருப்பி வைக்கவோ வேண்டும். வேலை நின்றுபோன இடத்தில் வாரக்கணக்கில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற பலகை நின்றால், தினமும் அந்த வழியாகப் போகிறவர் அதைப் பொய் என்று பழகிக்கொள்வார். அடுத்த ஊரில் உண்மையாகவே ஆட்கள் வேலை செய்யும் இடத்திலும் அதே வேகத்தில்தான் வருவார்.